எந்த எண்ணெய் என்று கேட்காதவள்

இன்று காலை உன் கொட்டகைக் கதவைத் திறந்தார்கள். இரண்டு வருஷம் பூட்டிக் கிடந்த கதவு. தகரம் தரையைக் கீறிக்கொண்டு திறந்ததும் முதலில் வெளியே வந்தது டீசல் வாடைதான். ஈரச் சாக்கு, எலி, பூஞ்சணம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அது முன்னால் வந்து நின்றது. நீ உடுத்திய சேலையின் வாசம் அந்த வீட்டில் ஒரு மூலையில்கூட மிச்சமில்லை. இந்த நாற்றம் மட்டும் போக மாட்டேன் என்கிறது.

நீ உயிரோடு இருந்தபோது நான் உனக்குக் கடிதம் எழுதியதே இல்லை. மூன்று தெரு தள்ளி இருப்பவளுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? இன்று எழுதுகிறேன். நேரில் சொல்ல வாய் வராதவள், ஆள் போன பிறகு பக்கம் பக்கமாக எழுதுகிறாளாக்கும் என்று நீ ஏசுவாய். ஏசு.

என்னைக் கூப்பிட்டது புவனா. உன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கும் அதே புவனாதான். அவளும் இன்னும் இரண்டு பெண்களும் சேர்ந்து கல் வேலை தொடங்கப் போகிறார்களாம். கழுத்துக்குப் பெண்டன், சாவிக்கொத்து, மேசையில் கோப்பை வைக்கிற கல் தட்டு. நாம் ஆடிய அதே கூத்து. பெரிய கல்லைப் பாளம் பாளமாக வெட்ட ஒரு மெஷின் வேண்டும் அவர்களுக்கு. உன் வீட்டுக்காரர் நம்முடையதைக் கொடுத்துவிடப் பார்க்கிறார். "நீங்கதானேக்கா இத எடுக்கும்போது கூடப் போனீங்க, வந்து பார்த்துச் சொல்லுங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

உன் வீட்டுக்காரர் சாக்கை இழுத்துப் போட்டார். பிளேட் துரு ஏறிப் பழுத்திருந்தது. தொட்டியின் அடியில் வெட்டிய கல்லின் மாவும் டீசலும் சேர்ந்து கறுத்து இறுகிப்போயிருந்தன. அவர் அதை ஒரு குச்சியால் குத்திப் பார்த்துவிட்டு புவனாவிடம் சொன்னார்: "மெஷின்ல ஒரு குத்தமும் இல்லம்மா. டீசல ஊத்தி ஊத்தி அவதான் தன்னைக் கெடுத்துக்கிட்டா. புத்தி கெட்டவ, யாரையும் ஒரு வார்த்த கேட்டாத்தானே? நீங்க நல்ல எண்ணெயா ஊத்துங்க. சும்மா பறக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. பல தடவை சொல்லிச் சொல்லித் தேய்ந்த பேச்சு அது. புவனா என் முகத்தைப் பார்த்தாள். "என்னக்கா, எடுக்கலாமா?"

நான் என்ன சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் நாம் மெஷின் எடுத்த கதையை ஒரு தடவை ஒழுங்காகச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷமும் அதை எனக்கு வசதியான மாதிரிதான் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன்.

நாம் ஒரே வகுப்பு. படிப்பு முடிந்ததும் நீ கல் பட்டை தீட்டும் தொழிற்சாலைக்குப் போனாய். நான் சோதனை எழுதி எழுதுவினைஞர் ஆனேன். சிங்களத்தில் வரும் கடிதத்தைத் தமிழாக்குவதும் தமிழில் வரும் மனுவைச் சிங்களமாக்குவதும்தான் என் பிழைப்பு. நம் ஊர் மஹய்யாவவில் யாருக்கு என்ன படிவம் நிரப்ப வேண்டுமானாலும் என் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். நீ என்னை "மொழிபெயர்ப்பு மேடம்" என்று கூப்பிடுவாய். கிண்டல் என்று தெரியும். தெரிந்தும் உள்ளுக்குள் இனிக்கும்.

கல்யாணமாகித் தொழிற்சாலையை விட்ட பிறகும் உன் கை சும்மா இருக்கவில்லை. கொட்டகையில் ஒரு சின்ன அரைக்கும் சக்கரத்தை வைத்துக்கொண்டு வெள்ளைக் கல், ரோசாக் கல், நிலா மாதிரி மினுங்குகிற கல் என்று எதையாவது தேய்த்துக்கொண்டே இருப்பாய். நீ தேய்ப்பாய், நான் சனிக்கிழமைகளில் அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு குளத்தடிக் கடைகளுக்குப் போவேன். கதைக்கிறது என் பங்கு. உன் கல்லும் என் வாயும் நன்றாகத்தான் ஓடின. பெரிய கல்லை வெட்டுவதற்கு மட்டும் வத்தேகமவில் கல் வெட்டும் முஸ்லிம் நானாவிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அவருக்கு நேரம் கிடைக்கும்போது வெட்டுவார், அதுவும் ரொட்டித் துண்டு மாதிரித் தடிப்பாக. "பாளம் வெட்டச் சொன்னா இந்த நானா பாண் வெட்டித் தர்றாரு" என்று நீ புலம்புவாய். ஒரு நாள் சொன்னாய்: "நமக்கே ஒரு மெஷின் எடுத்தா என்னாடி?"

கண்டிக் கடையில் முதலில் பார்த்த மெஷின் உனக்கு நினைவிருக்கும். பத்து அங்குல பிளேட். சின்னது. நீ அதை மாடு வாங்குகிறவனைப் போலச் சுற்றிச் சுற்றி வந்தாய். பிளேட்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தாய், அச்சில் ஆட்டம் இருக்கிறதா என்று. கல்லைக் கவ்விப் பிடிக்கிற பிடியை இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்கினாய். மேலே இருந்த மூடியை மூன்று தடவை திறந்து மூடினாய். அடியில் எண்ணெய் வடிகிற துவாரத்துக்குள் விரலை விட்டாய். கடைக்காரப் பையன் கொட்டாவி விட்டான். எனக்கோ மானம் போனது. "ஒரு மெஷின் எடுக்க இவ்வளவு ஆராய்ச்சியா?" என்றேன். நீ சொன்னாய்: "தினமும் இது கூடக் குடும்பம் நடத்தப் போறது நான்தானே."

அதைத்தான் எடுத்திருக்க வேண்டும். உனக்கு அதுதான் பிடித்தது. நான்தான் குறுக்கே விழுந்தேன். கலகெதரவில் ஒரு சிங்கள மாத்தயா தொழிலை விட்டுவிட்டு பதினெட்டு அங்குல மெஷினைக் கொடுக்கிறாராம் என்று அலுவலகத்தில் கேள்விப்பட்டிருந்தேன். பதினெட்டு என்றால் பத்தைவிடப் பெரியது, பெரியது என்றால் நல்லது. இவ்வளவுதான் என் அறிவு. இதை வைத்துக்கொண்டு உன்னோடு ஒரு வாரம் வாதாடினேன், நீயும் விட்டுக்கொடுத்தாய்.

கலகெதரவில் அந்த மனிதர் நம்மை உட்கார வைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தார். நான் பேசத் தொடங்கியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. நான் சிங்களப் பிள்ளை என்றே நினைத்துவிட்டாராம்; எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் என்றெல்லாம் கேட்டார். தமிழ் என்று சொன்னதும் நம்ப மாட்டேன் என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை. நீ அந்த நேரத்தில் மெஷினைச் சுற்றி வந்துவிட்டு என் காதில் சொன்னாய்: "மூடி இல்லடி. மூடி இல்லாத சட்டிய யாராவது வாங்குவாங்களா?" மூடி உடைந்துபோனதாம். "ஒரு பலகையப் போட்டு மூடிக்கலாம், சும்மா இரு" என்றேன்.

புறப்படும்போது அவர் சொன்னார்: "வதுர எபா நோனா. தெல் தாண்ட."

நான் திரும்பி உனக்கு மொழிபெயர்த்தேன், அவரிடம் எதுவும் கேட்காமலேயே: "தண்ணி ஊத்தக் கூடாதாம். எண்ணெய்தான் ஊத்தணுமாம். டீசல்."

"டீசல்னா சொன்னாரு?"

"தெல்லுன்னா டீசல்தான்டி. பெட்ரோல் ஷெட்ட தெல் ஷெட்டுன்னுதானே சொல்றாங்க. பின்ன, மெஷினுக்குத் தேங்காயெண்ணெயா ஊத்துவாங்க?"

"பொல் தெல்லும் தெல்லுதான், பூமி தெல்லும் தெல்லுதான். எந்த தெல்லுன்னு ஒரு வார்த்த கேளேன்டி."

சிங்களத்தில் தேங்காயெண்ணெயும் தெல், மண்ணெண்ணெயும் தெல், வண்டிக்கு அடிக்கிற எண்ணெயும் தெல்தான். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? நாள் முழுக்க இதே வேலை பார்க்கிறவள். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் வந்தால் எழுதியவரிடம் கேட்டு எழுது என்று புதிதாய் வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிறவள். ஆனால் அவர் என் சிங்களத்தைப் புகழ்ந்து பத்து நிமிஷம் ஆகவில்லை. அதற்குள் போய் "மாத்தயா, தெல் என்றால் எந்தத் தெல்?" என்று கேட்பதா? "அதெல்லாம் எனக்குத் தெரியும், வா" என்று உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அந்த மனிதர் வாசலில் நின்றுகொண்டுதான் இருந்தார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

கொண்டுவந்து இறக்கிய அன்று நீ சிரித்த சிரிப்பை என்னால் மறக்க முடியாது. பதினெட்டு அங்குல பிளேட்டில் பெரிய கல்லை வைத்தால் கல் நடுத்தண்டில் போய் முட்டிக்கொண்டு நின்றது. மூன்றில் ஒரு பங்குதான் வெட்டும், ஆறு அங்குலத்துக்கு மேல் கல் போகாது என்று நமக்கு யார் சொன்னார்கள்? "பேரு பதினெட்டு, வாயத் திறந்தா ஆறு! அறுக்க மாட்டாதவ இடுப்புல அம்பத்தெட்டு அரிவாளாம்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நானும் சிரித்தேன். நான் எடுத்த மெஷின் என்று நீ ஒரு தடவைகூடக் குத்திக் காட்டவில்லை.

பிறகு ஓட்டினாய். நான் காலையில் அலுவலகம் போய்விடுவேன். உன் வீட்டுக்காரர் வயரிங் வேலைக்குப் போய்விடுவார். நீ மட்டும் அந்த ஒற்றை ஜன்னல் கொட்டகையில். ஒரு வெட்டுக்கு ஒரு மணித்தியாலம். பிளேட் டீசலில் முக்கி முக்கிச் சுழலும்போது அது பொடிப்பொடியாகப் பறந்து புகை மாதிரி நிற்கும். பலகையைப் போட்டு மூடினாலும் பக்கத்தால் வரும். நான் சனிக்கிழமை வந்தால் வாசலிலேயே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, வெட்டி வைத்த பாளங்களை வாங்கிக்கொண்டு போவேன். "உள்ள வாயேன்டி, உன் மெஷின் எப்படி ஓடுதுன்னு பாரு" என்று கூப்பிடுவாய். சேலையில் மணக்கும் என்று சொல்லி வர மாட்டேன். இதை எழுத என் கைக்கே கூசுகிறது.

நீ வெட்டிய பாளங்கள் அழகாகத்தான் இருந்தன, அதையும் சொல்ல வேண்டும். நானாவின் பாண் துண்டுகள் எங்கே, உன்னுடையவை எங்கே! வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கல்லுக்குள் இருக்கும் கோடெல்லாம் தெரியும். கடைக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு கேட்டார்கள். நீ இருமத் தொடங்கியதும் அந்த மாதங்களில்தான்.

இனிமேல் சொல்லப் போவது உனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

மெஷின் வந்து ஐந்தாறு மாதம் இருக்கும். கரட்டுக் கல் வாங்க நான் தனியாக வத்தேகமவுக்குப் போனேன். நானா கடையில் இருந்தார். பேச்சு வாக்கில், நம் கொட்டகை டீசல் நாற்றம் தாங்க முடியவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் கையில் இருந்த கல்லைக் கீழே வைத்தார்.

"என்ன தங்கச்சி, டீசலா ஊத்துறீங்க? மூடியும் இல்லாமலா? யா அல்லா! அந்தப் புகைய மனுசன் குடிக்க ஏலுமா?" எழுந்து உள்ளே போய் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு வந்து திறந்து காட்டினார். தண்ணீர் மாதிரித் தெளிந்த எண்ணெய், மணமே இல்லை. "மெஷினுக்கெண்டே வெள்ளை எண்ணெய் இரிக்கி, இதான் ஊத்தணும். டீசல இண்டைக்கே நிப்பாட்டச் சொல்லுங்க. நெஞ்சு போயிடும். யாரு உங்களுக்கு டீசல் எண்டு சொன்னது?"

யார் சொன்னது என்று கேட்டாரா? நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வித்தவர்தான் சொன்னாரு" என்றேன். நாக்கு கூசாமல் வந்தது.

பஸ்ஸில் வரும்போது எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். 'மன்னிச்சிக்கடி, நான் தப்பாச் சொல்லிட்டேன்.' அவ்வளவுதானே. நாலே சொல். உன் வீட்டுக்கு வந்தால் நீ ஒரு பெரிய ஓர்டர் வந்த சந்தோஷத்தில் இருந்தாய். இருமிக்கொண்டே தேத்தண்ணீர் ஊற்றினாய். நான் மெல்ல, "இனிமே வேற எண்ணெய் ஊத்திப் பார்ப்போமாடி?" என்றேன். "ஏன், உன் டீசலுக்கு என்ன வந்துச்சு?" என்றாய். சும்மா சொன்ன கிண்டல். "உன் டீசல்" என்ற அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. "ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்" என்று விட்டுவிட்டேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இந்தக் கெட்டிக்காரியுடையது உன் ஆயுசு முழுக்க நின்றது.

சொல்ல வழியே இல்லாமல் போயிருந்தாலும் பரவாயில்லை. அந்த எண்ணெய்த் தட்டுப்பாட்டுக் காலம் வந்ததே! நாடே டீசலுக்கு வரிசையில் நின்றது. நீயும் நின்றாய். முதல் நாள் கேனுக்கு ஊற்ற மாட்டோம் என்று விரட்டிவிட்டார்கள். மறு நாளும் போனாய். மத்தியான வெயிலில் லொறிக்காரர்களுக்கு நடுவே ஒற்றைப் பொம்பிளையாக, மஞ்சள் கேனைக் காலடியில் வைத்துக்கொண்டு, இருமி இருமி நின்றாய். நான் அலுவலகத்திலிருந்து நடந்து வரும்போது உன்னைப் பார்த்தேன். பக்கத்தில் வந்தேன். கல்லு வேலைதான் செய்கிறோம், கெஞ்சிக் கேட்டால் ஊற்றுவார்கள், அதை நல்ல சிங்களத்தில் சொல்லித் தா என்று கேட்டாய்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். 'இந்த இழவு நமக்குத் தேவையே இல்லடி, வா வீட்டுக்குப் போவோம்' என்று கேனை எட்டி உதைத்திருக்கலாம். கடவுளே வழி செய்து கொடுத்த மாதிரி ஊரிலேயே டீசல் இல்லை. நான் என்ன செய்தேன்? முன்னால் போய் அந்தப் பையன்களிடம் என் நல்ல சிங்களத்தில் பேசி, உனக்கு ஐந்து லீற்றர் வாங்கிக் கொடுத்தேன். நீ எவ்வளவு பெருமைப்பட்டாய்! பக்கத்தில் நின்ற லொறிக்காரனிடம் "என் கூட்டாளி" என்று காட்டினாய். எனக்கு மண்டை வெடித்திருக்க வேண்டும், வெடிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கதை உனக்குத் தெரியும். ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று உனக்குத் தெரியாது.

சிங்கள டொக்டர். இளம் பிள்ளை. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்ன வேலை, எத்தனை வருஷம் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். கட்டிலின் அந்தப் பக்கம் உன் வீட்டுக்காரர். கல்தூசியும் எண்ணெய்ப் புகையும் நெஞ்சுக்குள் படிந்திருக்கிறது என்றார் டொக்டர். பிறகு கேட்டார்: "மொன தெல்த?"

எந்த எண்ணெய். கலகெதரவில் நான் கேட்காமல் வந்த கேள்வி. அதை அப்படியே, அதே சொல்லில், அந்தப் பிள்ளை கேட்டது. நான் அதை உனக்கு மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்க வேண்டிய என் முகத்தை நீ ஒரு கணம் பார்த்தாய். பிறகு முகமூடியை ஒதுக்கிவிட்டு, மூச்சு வாங்க வாங்க, நீயே பதில் சொன்னாய்: "டீசல். மம தமய் தெம்மே. மகே மோடகம."

டீசல். நான்தான் ஊற்றினேன். என் முட்டாள்தனம்.

சுத்தமான சிங்களம். ஒரு எழுத்துத் தடுக்கவில்லை. தொழிற்சாலையில் அத்தனை வருஷம் சிங்களப் பிள்ளைகளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்தவளுக்குச் சிங்களம் வராமல் இருக்குமா? எனக்கு அப்போதுதான் உறைத்தது. கலகெதரவில் நீயே கேட்டிருக்கலாம். அந்த மனிதர் முன்னால் என் குட்டு உடையக் கூடாது என்றுதான் என்னைக் கேட்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாய். அத்தனை வருஷமும் மொழிபெயர்ப்பு மேடத்தின் உத்தியோகத்தை நீதான் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறாய்.

ஏன்டி அப்படிச் செய்தாய்? யார் உன்னைக் கேட்டது? நீ சும்மா இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா? தெரியாது. உன் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். நீ முந்திக்கொண்டாய், நான் பிந்திக்கொண்டேன்.

உன் வீட்டுக்காரருக்கு அந்த ஒரு பதில் போதுமாயிருந்தது. அன்று தொடங்கிய ஏச்சு. "டீசல ஊத்துவாளா ஒருத்தி? மாடு கூட மோந்து பார்த்துட்டுத்தானே குடிக்கும்! ஒரு ஆளக் கேட்டா உன் கிரீடம் இறங்கியா போயிடும்?" பயத்தில்தான் ஏசினார். மனைவி போகப் போகிறாள் என்ற பயத்தை அந்த மனிதருக்கு வேறு மாதிரிக் காட்டத் தெரியவில்லை. நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டு கிடப்பாய். நான் சுடுதண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நிற்பேன். கிரீடம் இறங்கிவிடும் என்று கேட்காமல் வந்தவள் நான். ஏச்சு வாங்கியவள் நீ. மூச்சு முட்டிக் கிடந்தவளைக் கடைசி மாதம் முழுக்க அப்படி ஏசக் கேட்டுக்கொண்டு நின்றேன். செத்த வீட்டிலும் அவர் அதையே சொல்லி அழுதார். வந்தவர்களெல்லாம் உச்சுக் கொட்டினார்கள். சுண்ணாம்பு அடித்த மாதிரி நானும் ஒரு முகத்தை வைத்துக்கொண்டு தேத்தண்ணீர் பரிமாறினேன்.

சரி. இன்று காலைக்கு வருகிறேன்.

"என்னக்கா, எடுக்கலாமா?" என்று புவனா கேட்டாளா? நான் முதலில் மெஷினைப் பற்றித்தான் பேசினேன். "இது வேணாம் புவனா. பெருசுன்னு ஏமாறாதீங்க. பிளேட்டுல மூணுல ஒரு பங்குதான் கல்லு வெட்டும். உங்க வேலைக்குப் பத்து அங்குலம் போதும். அச்சைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க, ஆடினா எடுக்காதீங்க. கல்லக் கவ்வுற பிடிய நீங்களே இறுக்கிப் பாருங்க. மூடி இல்லாதது எதையும் எடுக்காதீங்க, சும்மா கொடுத்தாலும் எடுக்காதீங்க. வெட்டி முடிஞ்சதும் புகை அடங்குற வரைக்கும் மூடியத் திறக்கக் கூடாது. எண்ணெய்க்கு..." அதோடு நின்றுவிட்டேன். நான் சொன்னது அத்தனையும் நீ கண்டிக் கடையில் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தவை. உன் வீட்டுக்காரர் தலையை ஆட்டி, "பாரு, இவங்களுக்குத் தெரிஞ்சது அவளுக்குத் தெரியல" என்றார்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணே, டீசல் ஊத்தச் சொன்னது அவ இல்ல. நான்."

அவருக்குப் புரியவில்லை. இரண்டாம் தடவை சொன்னேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கலகெதர, நீ கேட்கச் சொன்னது, நான் கேட்காதது, வத்தேகம நானா, டீசல் வரிசை, ஐந்து லீற்றர். புவனா கொட்டகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். பாவம், மெஷின் பார்க்க வந்த பிள்ளை. அவர் வெட்டாமல் கிடந்த ஒரு பெரிய கல்லின் மேல் உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரியில அவ தான்தான்னு சொன்னாளே."

"பொய் சொன்னா அண்ணே."

"அந்த ஒரு மாசமும் நான் அவள ஏசும்போது நீ பக்கத்துலதானே நின்ன."

"ஆமா."

"போதும் அண்ணேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. உண்மையச் சொல்ல வேணாம். போதும்னு மட்டும்."

உண்மையைச் சொல்லாததற்காவது ஆயிரம் சாக்கு அடுக்கி வைத்திருந்தேன். இதற்கு ஒன்றும் இல்லை.

நான் நின்றேன். ஏசுவார் என்று நின்றேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வேன் என்று நின்றேன். எனக்கு வர வேண்டிய ஏச்சு, இரண்டு வருஷமாக என் பெயரில் இருந்தும் உன் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. இன்றாவது என் கைக்கு வரட்டும் என்று உண்மையிலேயே ஆசைப்பட்டேன். கடைசியில் நானே வாயை விட்டுக் கேட்டேன்: "ஏசுங்க அண்ணே. எதையாவது சொல்லி ஏசுங்க."

அவர் எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஏச இனி என்கிட்ட ஒண்ணுமில்ல தங்கச்சி. இருந்தத எல்லாம் அவளுக்கே குடுத்துட்டேன்."